கெண்டை

ஆம்பூரில் மே மாதம்.
தகரக் கூரைக்கு அடியில் உட்கார்ந்து
பனிக்காகத் தைத்துக்கொண்டிருக்கிறோம்.

அங்கே மலையிலிருந்து சறுக்கி இறங்குவார்களாம்,
வேண்டுமென்றே.
அதற்கான பூட்ஸின் பிளாஸ்டிக் கூட்டை வேறெங்கோ வார்க்கிறார்கள்.
காலைக் கட்டிப் பிடிக்கும் மெத்தை உறை மட்டும்
எங்கள் மூன்றாவது லைனில்.
ஐந்து வருஷமாகத் தைக்கிறேன்.
பனியை ஃப்ரிட்ஜின் மேல்தட்டில் பார்த்திருக்கிறேன்.

என் கால் கதை தனி.
பள்ளிக்கூட சாக்ஸின் எலாஸ்டிக்
சாயங்காலம் வரை சிவப்பு வளையம் போட்டுவைக்கும்.
லெக்கிங்ஸ் போட நான் உட்கார வேண்டும்,
கழற்ற இன்னொருத்தி வேண்டும்.
பைபாஸ் ரோட்டு ரிஜெக்ட் கடையில் ஒருநாள்
ஆசைக்கு ஒரு நீள பூட்ஸை மாட்டினேன்.
ஜிப் பாதியில் நின்றுவிட்டது.
"கால் கொஞ்சம் ஓவர் சைஸ்க்கா" என்றான் பையன்,
ஜிப்பைத் தடவிக்கொடுத்தபடி,
அதற்குத்தான் வலித்தது போல.

கெண்டைக்கால் என்று பேர் வைத்தவன்
மீனைப் பார்த்துத்தான் வைத்திருப்பான்.
ஆனால் பாடினவர்கள் எல்லாரும்
கெண்டையைக் கொண்டுபோய்க் கண்ணில் விட்டுவிட்டார்கள்.
முழங்காலுக்குக் கீழே ஒருத்தரும் குனியவில்லை.
பாலாற்றில் இப்போது மணல்கூட இல்லை.
மிச்சமிருக்கும் கொழுத்த கெண்டை இரண்டும்
என் புடவைக்குள்தான்.

போன செவ்வாய்க்கிழமை ஒரு புது ஆர்டர்.
பெண்களுக்கு, அகலக் கால், சுற்றளவு நாற்பத்துநாலு.
சாம்பிள் ரூமில் இருக்கும் மரக்கால் முப்பத்தாறு.
அது யாருடைய கால் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை.
பேட்டர்ன் மாஸ்டர் முஸம்மில் பாய்
டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு
லைன் லைனாக நடந்தார்,
எதையோ தொலைத்தவர் மாதிரி.
யாரும் பேசவில்லை. எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது.
நான்சி மட்டும் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டாள்.

ஏ.சி. அறை. வழவழப்பான ஸ்டூல்.
புடவையை முழங்கால் வரை தூக்கிப் பிடித்தேன்.
பாய் சுவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே
டேப்பை மட்டும் என்னிடம் நீட்டினார்.
நானே அளந்து நானே சொன்னேன்:
நாற்பத்துநாலரை.
சத்தமாகச் சொன்னது அதுதான் முதல் தடவை.

உறையை மாட்டி, கூட்டை மாட்டி, கொக்கிகளை இழுத்து,
"எப்டி கீது தெபோராள்?" என்றார்.

எப்படி இருக்கிறதென்று
எந்தச் செருப்பும் என்னைக் கேட்டதில்லை.
அவசரப்படாமல் யோசித்தேன்.
"மேல் கொக்கி சதையைக் கவ்வுது பாய்.
அதை ரெண்டு செ.மீ. வெளியே தள்ளுங்க.
பின்னாடி வி மாதிரி வெட்டி எலாஸ்டிக் வையுங்க.
கணுக்கால்கிட்ட மட்டும் இறுக்கமாவே இருக்கட்டும்,
அங்க லூஸ் விட்டா குதிகால் தூக்கும்.
சதை உள்ளே நசுங்கல, மேல ஏறிப் பிதுங்குது.
மரக்கால் இதைச் சொல்லாது."

சில்வர் பேனாவால் உறையில் கோடு போட்டார்.
ஒரு கோடு எட்டி என் தோலிலும் விழுந்தது.
மூன்று தரம் வெட்டித் தைத்து மாட்டினோம்.
நாலாவது தரம்
கொக்கி 'டக்' என்று விழுந்தது.
எழுந்து நின்றேன். நடந்தேன்,
இரும்பு பீரோ ஒன்று நடப்பதைப் போல.
ஆனால் எங்கும் வலிக்கவில்லை.

அங்கே எவளோ ஒருத்தி
கடை கடையாக ஏறி இறங்கியிருப்பாள்.
'கொஞ்சம் உடம்பைக் குறைங்க' என்று அவள் மொழியிலும்
ஒரு வாக்கியம் இருக்கும்.
அவளுக்கு என்னைத் தெரியப்போவதில்லை.
அதனால் என்ன, கால் போகட்டும் உள்ளே.

லைனுக்குத் திரும்பினால்
சூப்பர்வைசர் கோமளவல்லி நோட்டில் எழுதிவைத்திருக்கிறாள்:
மூன்று மணி நேரம், முப்பத்திரண்டு ஜோடி குறைவு.
சண்டை போட்டேன். பாதியைத்தான் அடித்தாள்.

ராத்திரி சோப்புப் போட்டும்
அந்த சில்வர் கோடு போகவில்லை.
ரொம்பவும் தேய்க்கவில்லை நான்.